பாடக் குறிப்பு முதல் சுற்றறிக்கை வரை: கல்லூரியில் அணுகல்தன்மை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்கள், அலுவலகத்தில் இருப்பவர்கள், கல்லூரியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லோருக்குமான பக்கம் இது. அணுகல்தன்மை என்றால், மாற்றுத்திறனாளிகளும் தடையில்லாமல் தாங்களாகவே பயன்படுத்த முடிவது. மாற்றுத்திறனாளி மாணவர்களோடு வேலை செய்யும்போது திரும்பத் திரும்ப எங்களிடம் வரும் கேள்விகளையும் அவற்றுக்கு நாங்கள் சொல்லும் பதில்களையும் தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, தேவையான கேள்விக்கு நேராகப் போகலாம்.

எங்கள் கல்லூரியில் சாய்தளம் இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது. இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?

சாய்தளம் கட்டாயம் வேண்டும். ஆனால் இன்று கல்லூரியின் பாதி, கட்டடத்துக்கு வெளியே நடக்கிறது. கால அட்டவணை வாட்ஸ்அப் குழுவில் போட்டோவாக வருகிறது. யூனிட் நோட்ஸ் ஸ்கேன் செய்த பிடிஎஃப். கட்டணம் ஆன்லைனில். இன்டர்னல் தேர்வு கூகுள் ஃபார்மில். வகுப்பறை வரை தடையில்லாமல் வந்துசேர்ந்த பார்வையற்ற மாணவர், இவை ஒவ்வொன்றிலும் நின்றுவிடுகிறார்.

நின்றால் என்ன செய்கிறார்? யாராவது படித்துக் காட்டும் வரை காத்திருக்கிறார். நண்பர்கள் நன்றாகவே உதவுகிறார்கள், அதில் குறையில்லை. ஆனால் நண்பருக்கும் மறுநாள் அதே பரீட்சைதான். அவர் ஊருக்குப் போயிருந்தால் அந்த யூனிட் போச்சு. மாணவர் தானாக, தனக்கு வசதியான நேரத்தில், வேண்டிய இடத்தில் நிறுத்தி மறுபடி படிக்க முடிய வேண்டும். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

பார்வையில்லாதவர் கம்ப்யூட்டரில் எப்படிப் படிக்கிறார்?

ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருளின் துணையோடு. திரையில் இருக்கும் எழுத்தை அது குரலாக மாற்றிச் சொல்லும். நம் மாணவர்களில் பெரும்பாலோர் பயன்படுத்துவது என்விடிஏ. பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய திட்டம் இது, முழுக்க இலவசம். அதோடு வரும் இ-ஸ்பீக் குரலில் தமிழும் உண்டு. விண்டோஸிலும் 'வள்ளுவர்' என்றொரு தமிழ்க் குரலைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். இரண்டும் போனுடனேயே வருபவை.

பழகிய மாணவர் வைத்திருக்கும் வேகத்தில் முதல்முறை கேட்கிறவருக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அவருக்கோ அது சாதாரணம். மவுஸ் தேவையில்லை, எல்லாம் விசைப்பலகைதான். இணையப் பக்கத்தில் எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குப் போகும், டி தட்டினால் அடுத்த அட்டவணை, கே தட்டினால் அடுத்த லிங்க். நாம் கண்ணால் ஒரு பக்கத்தை மேய்வதை அவர் இந்த விசைகளால் செய்கிறார். ஆனால் நீங்கள் தலைப்பைத் தலைப்பாக அமைத்திருந்தால்தான் எச் விசைக்கு வேலை உண்டு.

தமிழில் டைப் செய்த குறிப்பைத்தான் அனுப்பினேன். ஏதோ இங்கிலீஷ் எழுத்தாக வாசிக்கிறது என்கிறாரே மாணவர்?

நீங்கள் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் டைப் செய்திருப்பீர்கள். தமிழ் வழிப் பாடங்களில் நாங்கள் பார்க்கும் முதல் தடை இதுதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

பாமினியில் 'தமிழ்' என்று டைப் செய்தால் திரையில் தமிழ் என்றுதான் தெரியும். கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அந்த ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்துகாட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. ஸ்கிரீன் ரீடர் வடிவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் எழுத்தை எடுத்துப் படிக்கிறது. ஆகவே சிலப்பதிகாரக் கட்டுரையைத் திறந்த மாணவருக்கு, பக்கம் பக்கமாக, ஒட்டாத ஆங்கில எழுத்துகளும் 'செமிகோலன், செமிகோலன்' என்ற சத்தமும்தான் கேட்கும்.

உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை யூனிகோடு. அதில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உண்டு. அதனால் எந்தக் கருவியில் திறந்தாலும் தமிழாகவே இருக்கும், ஸ்கிரீன் ரீடரும் தமிழாகவே படிக்கும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தன் தரமாக ஏற்று ஆணையிட்டுவிட்டது. இத்தனை ஆண்டுகள் ஆகியும் வினாத்தாள்களும் பாடக் குறிப்புகளும் பழைய எழுத்துருவில் வந்துகொண்டிருக்கின்றன. டைப்ரைட்டிங் பழகிய கைக்கு அந்த விசைமுறைதான் வசதி என்பது காரணம். கவலை வேண்டாம், என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள்களில் அதே தட்டச்சு முறையிலேயே யூனிகோடில் எழுதலாம். விரல் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை.

ஏற்கெனவே இருக்கும் பாமினி கோப்புகளை என்ன செய்வது?

மறுபடி டைப் செய்யாதீர்கள். என்எச்எம் கன்வர்ட்டர் என்ற இலவச மென்பொருள் பாமினி, டாம், டாப், டிஸ்கி ஆகிய பழைய முறைகளிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும். மாற்றியதும் ஒருமுறை படித்துப் பாருங்கள். நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களையும் தமிழ் என்று நினைத்து அது குழப்பிவைத்திருக்கும்.

கூடவே இன்னொன்று. 'ஔவையார்' என்று எழுத வேண்டிய இடத்தில் ஒ-வையும் ள-வையும் சேர்த்து 'ஒளவையார்' என்று அடிக்கிற பழக்கம் பரவலாக இருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். காதுக்கு 'ஒ-ள-வையார்' என்று வரும், தேடினாலும் கிடைக்காது. மாற்றிய கோப்பில் இதையும் கன்ட்ரோல் எஃப் போட்டுத் தேடித் திருத்திவிடுங்கள்.

எல்லாப் பழைய கோப்புகளையும் ஒரே மூச்சில் மாற்ற நினைத்தால் வேலை தொடங்கவே தொடங்காது. இந்த செமஸ்டரில் நடத்தப்போகும் தாளிலிருந்து ஆரம்பியுங்கள்.

புத்தகத்தை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆகக் கொடுக்கிறேன். அதுவும் டிஜிட்டல்தானே?

ஸ்கேன் செய்த பக்கம் வெறும் போட்டோ. அதில் எழுத்தே கிடையாது. என்விடிஏ அதைத் திறந்ததும் 'காலி' என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அமைதியாகிவிடும். மொபைல் ஸ்கேனர் ஆப்பில் எடுத்த ஜெராக்ஸ் நோட்ஸுக்கும் இதே கதிதான்.

உங்கள் பிடிஎஃப் எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை போதும். ஒரு பத்தியை மவுஸால் தேர்ந்தெடுத்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். எதையும் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது படம். ஆங்கில எழுத்துகள் வந்தால் பழைய எழுத்துரு. தமிழ்தான் வருகிறது, ஆனால் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறிக் கிடக்கின்றன என்றால், பக்க வடிவமைப்பு மென்பொருளில் பிடிஎஃப் ஆக்கியபோது எழுத்துகள் கலைந்துவிட்டன. மூன்றுமே மாணவருக்குப் பயன்படாது. நோட்பேடிலும் அதே தமிழ் அப்படியே வந்தால் மட்டும் அனுப்புங்கள்.

படமாக இருப்பதை எழுத்தாக்க ஓசிஆர் இருக்கிறது. கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் அச்சுப் பக்கங்கள் ஓரளவு நன்றாகவே வருகின்றன. சாய்ந்த ஸ்கேன், மங்கிய ஜெராக்ஸ், மார்ஜினில் பேனாக் குறிப்பு என்றால் பிழை கூடும். ரகரமும் துணைக்காலும் மாறும், ணகரமும் னகரமும் மாறும். பொருளியல் பாடத்தில் இதைச் சமாளித்துக்கொள்ளலாம். செய்யுளில் ஓர் எழுத்து மாறினாலும் மாணவர் தவறாக மனப்பாடம் செய்துவிடுவார். ஆகவே திருத்தாமல் கொடுக்காதீர்கள். என்எஸ்எஸ் மாணவர்களைக் கொண்டு பிழை திருத்தும் குழு வைத்தால் வேலை நன்றாக நடக்கும். எங்கள் அனுபவத்தில், அந்தத் தாளை ஏற்கெனவே படித்து முடித்த மாணவர்களே இதற்குச் சரியான ஆட்கள்.

தமிழ்த் துறையினருக்கு ஒரு வசதி: சங்க இலக்கியம் தொடங்கிப் பல நூல்களை ஸ்கேன் செய்யவே வேண்டியதில்லை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் அவை யூனிகோடில் தட்டச்சாகக் கிடக்கின்றன. நாட்டுடைமையாக்கப்பட்ட ஆசிரியர்கள் பலரின் நூல்கள் விக்கிமூலத்தில் உண்டு.

வேர்டில் குறிப்பு தயாரிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் தலைப்பு. எழுத்தைப் பெரிதாக்கி, போல்டு செய்து, அடிக்கோடு போட்டால் கண்ணுக்குத் தலைப்பு. ஸ்கிரீன் ரீடருக்கு அதுவும் ஒரு சாதாரண வரிதான். ஹோம் பட்டையில் ஸ்டைல்ஸ் என்ற பகுதியில் ஹெடிங் 1, ஹெடிங் 2 என்று இருக்கும். அலகின் பெயருக்கு ஹெடிங் 1, அதற்குள் வரும் பகுதிக்கு ஹெடிங் 2 போடுங்கள். நாற்பது பக்கக் குறிப்பில் மூன்றாம் அலகு எங்கே இருக்கிறது என்று தேடும் மாணவர் இப்போது மூன்று தட்டலில் போய்ச் சேருவார். நீங்கள் ஹெடிங் போடவில்லை என்றால் முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டும். பொருளடக்கமும் இதே ஹெடிங்கிலிருந்து தானாக உருவாகும் என்பதால் உங்களுக்கும் வேலை மிச்சம்.

அடுத்து மொழி. ரிவ்யூ பட்டையில் லாங்வேஜ் போய், தமிழ்ப் பத்திக்குத் தமிழ் என்றும் ஆங்கிலப் பத்திக்கு ஆங்கிலம் என்றும் குறித்துவிட்டால் குரல் தானாக மாறும். இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க முயன்று திணறும், அல்லது விட்டுவிட்டுப் போய்விடும்.

அட்டவணையில் கட்டங்களை ஒன்றாக இணைக்காதீர்கள், முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறியுங்கள். மதிப்பெண் பட்டியலில் கர்சர் ஒரு கட்டத்துக்கு வரும்போது '18' என்று மட்டும் கேட்டால் அது எந்தத் தாளின் மதிப்பெண்? தலைப்பு வரிசை சரியாக இருந்தால் 'இன்டர்னல் 2, 18' என்று கேட்கும்.

கடைசியாகச் சேமிக்கும் முறை. 'பிரின்ட் டு பிடிஎஃப்' கொடுத்தால் நீங்கள் போட்ட ஹெடிங் எல்லாம் போய்விடும். 'சேவ் அஸ்' வழியாகவே பிடிஎஃப் ஆக்குங்கள். இன்னும் நல்லது, வேர்டு கோப்பையே கொடுத்துவிடுவது. யாராவது திருத்திவிடுவார்களோ என்று பலர் தயங்குகிறார்கள். அசல் உங்களிடம்தானே இருக்கிறது. அந்த ஒரே யூனிகோடு கோப்பிலிருந்து மாணவர் குரலாகவும் கேட்கலாம், பெரிய எழுத்தில் அச்செடுக்கலாம், பிரெய்ல் திரையில் தடவியும் படிக்கலாம்.

பவர்பாயின்டுக்கும் இதெல்லாம் பொருந்தும். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தனித்தனித் தலைப்பு இருக்கட்டும், 'தொடர்ச்சி' 'தொடர்ச்சி' என்று போடாமல்.

படங்களுக்கு 'ஆல்ட் டெக்ஸ்ட்' எழுதச் சொல்கிறார்களே, என்ன எழுதுவது?

படத்துக்குப் பதிலாக ஸ்கிரீன் ரீடர் படித்துச் சொல்லும் விளக்கம்தான் ஆல்ட் டெக்ஸ்ட். அந்தப் படத்தை எதற்காக அங்கே வைத்தீர்களோ அதை எழுதுங்கள். வேர்டில் படத்தின் மேல் வலது கிளிக் செய்தால் 'ஆல்ட் டெக்ஸ்ட்' எழுதும் பெட்டி வரும்.

காவிரி வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். 'காவிரி வரைபடம்' என்று எழுதினால் மாணவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 'காவிரி குடகில் தலைக்காவிரியில் தோன்றி மேட்டூர், ஈரோடு, கரூர், திருச்சி வழியாகப் பூம்புகாரில் கடலில் சேர்கிறது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது' என்று எழுதினால் பாடம் கிடைத்துவிட்டது. அதே படத்தைத் துணையாறுகள் பற்றிய பகுதியில் வைத்திருந்தால் இந்த வரிகள் போதாது. பவானி, நொய்யல், அமராவதி எங்கெங்கே வந்து சேர்கின்றன என்பதைச் சொல்ல வேண்டும். அதனால்தான் ஆல்ட் டெக்ஸ்டைப் பாடம் எடுப்பவரே எழுத வேண்டும் என்று வற்புறுத்துகிறோம், கம்ப்யூட்டர் லேபில் இருப்பவரிடம் கொடுத்து முடிக்கிற வேலை அல்ல.

வரைபடம் நீளமான விளக்கம் கேட்கிறது என்றால் ஆல்ட் டெக்ஸ்டில் இரண்டு வரி எழுதிவிட்டு, முழு விளக்கத்தைப் பாடத்துக்குள்ளேயே ஒரு பத்தியாகச் சேருங்கள். பார்வையுள்ள மாணவர்களும் அதைப் படித்துப் பயன்பெறுவார்கள். ஓரத்தில் போட்ட பூங்கொத்துக்கு ஒன்றும் எழுத வேண்டாம், 'அலங்காரம்' என்று குறித்துவிட்டால் போதும்.

இப்போது ஏஐ படத்தைப் பார்த்து விளக்கிவிடுகிறதே, நாங்கள் எதற்கு எழுத வேண்டும்?

மாணவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். பி மை ஐஸ் போன்ற ஆப்புகள் அன்றாட வாழ்க்கையில் அவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் தேவை வளைவு எந்தப் புள்ளியில் அளிப்பு வளைவை வெட்டுகிறது என்பதை ஏஐ தவறாகச் சொன்னால் அது தவறு என்று மாணவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? படம் தெரிந்தவரால்தான் சரிபார்க்க முடியும். வரைவை ஏஐயிடம் வாங்கிக்கொள்ளுங்கள், தாராளமாக. படித்துத் திருத்தி, உங்கள் பொறுப்பில் வையுங்கள்.

கணிதம், வேதியியல் சமன்பாடுகள்?

வேர்டின் ஈக்வேஷன் கருவியிலோ மேத்டைப்பிலோ எழுதுங்கள். படமாக ஒட்டாதீர்கள். அப்படி எழுதிய சமன்பாட்டை, மேத்கேட் என்ற இலவச இணைப்பைச் சேர்த்துக்கொண்ட என்விடிஏ, பின்னத்தின் மேல் எது, கீழ் எது, வர்க்கமூலம் எங்கே முடிகிறது என்று உறுப்பு உறுப்பாகச் சொல்லும். பார்வையற்றவருக்குக் கணிதம் வராது என்று பள்ளியிலேயே ஒதுக்கிவிடுகிற வழக்கத்துக்குப் பாதிக் காரணம், கணிதம் அவர்களுக்குப் படிக்கக் கிடைக்கவே இல்லை என்பதுதான்.

காது கேளாத மாணவருக்கு எழுத்து தெரிகிறதே, அவருக்கு என்ன தடை?

வீடியோ. ஆன்லைன் வகுப்பு, பதிவு செய்த விரிவுரை, யூடியூப் லிங்க் எல்லாவற்றுக்கும், பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டும் கேப்ஷன் வேண்டும். தானாக உருவாகும் கேப்ஷனை அப்படியே விடாதீர்கள். நாம் வகுப்பில் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுகிறோம், கலைச்சொற்கள் வருகிற இடத்தில்தான் அது அதிகம் தடுமாறும். மாணவருக்கு மிகத் தேவையான சொல்லும் அதுவே. பேசப்போவதை முன்பே எழுதி வைத்திருந்தால் அந்த உரையையே கேப்ஷனாக ஏற்றலாம்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பிறவியிலிருந்தே கேட்காதவர்களில் பலருக்குச் சைகை மொழிதான் முதல் மொழி. எழுத்துத் தமிழ் அவர்களுக்கு இரண்டாம் மொழி. அரைப் பக்கம் நீளும் வாக்கியமும் செயப்பாட்டு வினையும் நிறைந்த குறிப்பு, கண்ணுக்குத் தெரிந்தாலும் எளிதில் பிடிபடாது. சிறிய வாக்கியங்களாக எழுதுங்கள், முக்கியச் சொற்களுக்கு ஒரு பட்டியல் கொடுங்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தோருக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. அடையாற்றில் செயின்ட் லூயிஸ் கல்லூரி இருக்கிறது. இவர்களுக்கு நேரடியாகப் பாடம் எடுத்த ஆசிரியர்களிடம் பேசினால் நிறையக் கற்றுக்கொள்ளலாம். 2015-இல் டெல்லியில் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் 10,000 சொற்கள் கொண்ட சைகை அகராதி இணையத்தில் இலவசமாக இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் சுற்றறிக்கை அனுப்புகிறோம். அதில் என்ன மாற்ற வேண்டும்?

கையெழுத்தும் முத்திரையும் உள்ள போட்டோ வேண்டும் என்றால் போடுங்கள். அதற்குக் கீழேயே விஷயத்தை இரண்டு வரியில் டைப் செய்துவிடுங்கள்: 'நாளை மதியம் 2 மணிக்கு உதவித்தொகை விண்ணப்பம், அறை எண் 14, கடைசி நாள் வெள்ளி.' போட்டோ மட்டும் போனால் டாக்பேக் 'படம்' என்று சொல்லும், உதவித்தொகைக்குக் கடைசி நாள் கடந்துவிடும். இந்தப் பக்கத்தில் சொல்வதில் மிகச் சுலபமானது இதுதான். இன்றைக்கே தொடங்கலாம்.

நிறம், எழுத்தளவு பற்றி விதி உண்டா?

உண்டு. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும், பெரிய எழுத்தாக இருந்தால் 3-க்கு 1 போதும். வெள்ளையில் மஞ்சள், சிவப்பில் நீலம் என்று நாம் அழைப்பிதழில் போடுவது எல்லாம் இதில் தோற்றுவிடும். 'சிவப்பில் உள்ளவர்கள் தேர்ச்சி பெறவில்லை' என்று நிறத்தை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறியாதவர்கள் வகுப்பில் இருக்கலாம், அவர்கள் அதைச் சொல்லியும் இருக்க மாட்டார்கள்.

குறைபார்வை உள்ளவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பார்கள், எழுத்தைப் படிப்பதில் தடுமாற்றம் தரும் டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு நெருக்கமான வரிகள் சிரமம். வரிகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, இடதுபக்கம் மட்டும் சீராக்கி, சாய்வெழுத்தைத் தவிர்த்தால் இரு சாராருக்கும் உதவும்.

கல்லூரி இணையதளத்தில் எழுத்தைப் பெரிதாக்கும் பட்டன் வைத்திருக்கிறோம். போதுமா?

போதாது. பக்கத்தின் மேல் ஒட்டவைக்கும் இந்த மாதிரிப் பட்டன்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. எழுத்தைப் பெரிதாக்க உலாவியிலேயே வசதி இருக்கிறது. மாணவருக்கு வேண்டியது அடியில் இருக்கும் பக்கம் ஒழுங்காக இருப்பதுதான்.

உலகம் முழுக்கப் பின்பற்றும் இணைய அணுகல் வழிகாட்டி டபிள்யூசிஏஜி. அதன் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. அதில் ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று மூன்று நிலைகள். இணையதளம் செய்து தருகிற நிறுவனத்திடம் 'டபுள் ஏ நிலை வேண்டும், ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்தும் மாணவர் சோதித்த பிறகே பணம்' என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். முடித்த பிறகு கேட்டால் அதற்குத் தனிக் கட்டணம் சொல்வார்கள்.

நீங்களே பார்க்க எளிய வழி, மவுஸைக் கழற்றிவிட்டு டேப் விசையை மட்டும் வைத்து விண்ணப்பத்தை நிரப்பிச் சமர்ப்பித்துப் பாருங்கள். எங்கே மாட்டிக்கொள்கிறீர்களோ அங்கேதான் பார்வையற்றவரும், கை நடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாதவரும் மாட்டிக்கொள்கிறார்கள். படத்தில் இருக்கும் எழுத்தை டைப் செய்யச் சொல்லும் கேப்சா, ஐந்து நிமிடத்தில் வெளியே தள்ளிவிடும் கட்டணப் பக்கம், 'இங்கே கிளிக் செய்க' என்ற பெயரிலேயே இருபது லிங்குகள் ஆகியவற்றை முதலில் மாற்றச் சொல்லுங்கள்.

எங்கள் துறையில் அப்படிப்பட்ட மாணவர் யாரும் இல்லையே?

இருக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைக் குறைபாடுகளில் பல, பார்த்தால் தெரியாதவை. சொன்னால் ஒதுக்கிவிடுவார்களோ என்று பல பிள்ளைகள் சொல்வதில்லை. இன்னொரு பக்கம், குறிப்பு படிக்கக் கிடைக்காது என்று தெரிந்தே உங்கள் துறையைத் தேர்ந்தெடுக்காமல் போனவர்களும் உண்டு. பார்வையற்ற மாணவர்கள் ஏன் தமிழ், வரலாறு, ஆங்கிலம் என்ற இரண்டு மூன்று துறைகளிலேயே குவிகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எல்லோருக்கும் அதில்தான் ஆர்வம் என்று நான் நம்பவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை அது ஒதுக்குகிறது. 42-ஆம் பிரிவு, மின்னணு ஊடகங்களில் வரும் உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. உயர்கல்வி நிறுவனங்களுக்கெனப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-இல் தனியாக அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் வெளியிட்டது.

'வழிகாட்டுதல்தானே, கட்டாயமில்லையே' என்று சொல்பவர்கள் இரண்டு தீர்ப்புகளைப் பார்க்க வேண்டும். 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று கூறிய உச்ச நீதிமன்றம், கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று வேறொரு வழக்கில், டிஜிட்டல் அணுகல் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது.

பாடப்புத்தகத்தை மாற்றிக் கொடுத்தால் காப்புரிமைப் பிரச்சினை வராதா?

வராது. காப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 52(1)(இசட்பி) பிரிவு, மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக நூலை அணுகத்தக்க வடிவத்துக்கு மாற்றவும் அவர்களுக்குக் கொடுக்கவும் அனுமதிக்கிறது. லாபநோக்கு இருக்கக் கூடாது, அவர்களுக்கு மட்டுமே போய்ச் சேர வேண்டும். இதே நோக்கத்துக்கான மரகேஷ் உடன்படிக்கைக்கு 2014 ஜூனில் உலகிலேயே முதலில் ஒப்புதல் அளித்த நாடு இந்தியா. மாற்றுவதற்கு முன்பு சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் அந்த நூல் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பிரெய்ல் பிரிவிலும் கேட்கலாம்.

ஆன்லைன் தேர்வு வைக்கும்போது?

மாற்றுத்திறனாளிகளுக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். மென்பொருளில் எல்லோருக்கும் ஒரே டைமர் வைத்துவிட்டால் இந்த உரிமை அங்கேயே போய்விடும், எனவே தனி நேரம் அமைக்க முடிகிற தளத்தைத் தேர்ந்தெடுங்கள். கேமரா முன் கண்ணை நேராக வைக்கச் சொல்லும் கண்காணிப்பு மென்பொருளைப் பார்வையற்றவருக்கு விதிக்காதீர்கள். தேர்வு உலாவி ஸ்கிரீன் ரீடரை முடக்குகிறதா என்று ஒரு வாரம் முன்பே மாதிரித் தேர்வு வைத்துப் பாருங்கள். தான் சொல்வதை எழுதித் தரும் எழுத்தர் வேண்டுமா, தானே டைப் செய்கிறாரா என்பதை மாணவரே முடிவு செய்யட்டும்.

சரி, முதலில் யாரைக் கேட்டுத் தொடங்குவது?

மாணவரை. 'உனக்கு எந்த வடிவத்தில் வேண்டும்ப்பா?' என்று செமஸ்டர் தொடக்கத்தில் கேட்டாலே பாதி வேலை தெளிவாகிவிடும். ஒருவருக்கு வேர்டு கோப்பு, இன்னொருவருக்கு 24 புள்ளி எழுத்தில் அச்சு, வேறொருவருக்கு ஒலிப்பதிவு. வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள், தனியாகக் கேளுங்கள்.

கேட்டும் கிடைக்கவில்லை என்றால் மாணவர் எங்கே போகலாம்?

துறைத்தலைவரிடமும் முதல்வரிடமும் எழுத்தில் கொடுத்து, ஏற்புக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படியும் நடக்கவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். கிடைக்காத கோப்பின் பெயர், கேட்ட தேதி, வந்த பதில் ஆகியவற்றை வாட்ஸ்அப் செய்தி உட்பட அழிக்காமல் வைத்திருந்தால் விசாரணையில் உதவும்.